பிள்ளைகள் தங்கள் வாசிப்புப் பிழையைத் தாங்களே பிடித்துத் திருத்த: ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் வாசிக்கப் பழகும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு உரியவை அந்தந்த இடத்தில் சொல்லப்பட்டுள்ளன. பல பதில்களுக்கு ஒரே வாசிப்புப் பகுதியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்:

கமலா குளத்துப் பக்கம் போனாள். குளத்தில் ஒரு பெரிய ஆமை இருந்தது. ஆமை மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. கமலா அதைப் பார்த்துச் சிரித்தாள். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கமலா கையிலிருந்த கீரையைத் தரையில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆமை தலையை வெளியே நீட்டியது. கீரையைக் கடித்துத் தின்றது. பிறகு குளத்துக்குள் போய்விட்டது.

மொத்தம் 40 சொற்கள்.

தன் வாசிப்பைத் தானே கவனிப்பது என்றால் என்ன?

‘ஆமை மெல்ல மெல்லக் கறிக்கு வந்தது’ என்று இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒருத்தி நிற்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறாள். இன்னொருத்தி ‘வந்தது’ என்றதும் நிற்கிறாள், புருவம் சுருங்குகிறது, விரல் பின்னால் போகிறது, ‘கரைக்கு வந்தது’ என்று மறுபடி படிக்கிறாள். இருவருக்கும் தெரிந்த எழுத்துகள் ஒன்றே. இரண்டாமவள் படித்துக்கொண்டே தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டும் இருக்கிறாள். அந்தக் கேட்டலைத்தான், அதாவது தன் வாசிப்பைத் தானே கண்காணிப்பதைத்தான், பழக்க வேண்டும்.

இதில் மூன்று வேலைகள் அடங்கியிருக்கின்றன: ஏதோ சரியில்லை என்று உணர்வது, எங்கே சரியில்லை என்று தேடுவது, சரியானதைக் கண்டு திரும்பப் படிப்பது. பல பிள்ளைகள் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதில் மாட்டிக்கொள்வார்கள். அதனால் திருத்தாவிட்டாலும், ஒரு பிள்ளை தடுமாறி நின்றதே நல்ல அறிகுறிதான்.

தவறு வந்ததும் திருத்திவிட்டால் நேரம் மிச்சம்தானே? அதில் என்ன கெடுதல்?

அந்தச் சொல்லுக்கு நேரம் மிச்சம்தான். ஆனால் தவறைக் கவனிக்கும் வேலை பிள்ளையிடமிருந்து ஆசிரியருக்கு மாறிவிடுகிறது. சில வாரங்களிலேயே பிள்ளை ஒரு விதியைக் கற்றுக்கொள்ளும்: டீச்சர் பேசாமல் இருந்தால் சரி, பேசினால் தப்பு. பிறகு புத்தகத்தைவிட டீச்சரின் முகத்தைத்தான் அதிகம் படிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிமிர்ந்து பார்க்கும் பிள்ளைகளை எந்த வகுப்பிலும் காணலாம்.

இதனால்தான் பிள்ளைக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காரச் சொல்கிறோம். இருவர் கண்ணும் புத்தகத்தின் மேல் இருக்கட்டும். சரியாகப் படிக்கும் சொல்லுக்கெல்லாம் ‘ம்… ம்…’ என்று தலையாட்டுவதையும் விட வேண்டும். தலையாட்டல் நின்ற இடம் தவறு என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். விடுவதற்குக் கொஞ்சம் கடினமான பழக்கம் இது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது?

இரண்டு நிலைகள் உண்டு. பிள்ளை ஒரு சொல்லில் நின்றுபோனால், வாயைத் திறக்காமல் ஐந்து நொடி. மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை நிதானமாக எண்ணுங்கள். பழக்கமில்லாதவருக்கு அது மிக நீளமாகத் தோன்றும். தவறாகப் படித்துவிட்டுத் தொடர்ந்து போனால், வாக்கியம் முடியும் வரை. நியூசிலாந்தில் 1970களின் கடைசியில் பெற்றோரையும் துணைப் பயிற்சியாளர்களையும் கொண்டு உருவாக்கிய ‘நில், தூண்டு, பாராட்டு’ முறையும் இதே அளவைத்தான் சொல்கிறது.

தமிழில் வாக்கியம் முடியும் வரை காத்திருப்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. நம் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எல்லாம் அதன் வாலில்தான் தெரியும். ‘கமலா’வை ‘கமலன்’ என்று படித்த பிள்ளைக்கு, ‘போனாள்’ வரும்வரை முரண் எதுவும் தெரிய வழியில்லை. ‘கமலன் குளத்துப் பக்கம் போனாள்’ என்று முடித்த பிறகுதான் காது உறுத்தும். இரண்டாவது சொல்லிலேயே திருத்திவிட்டால் அந்த உறுத்தல் கிடைக்கும் வாய்ப்பு போய்விடும்.

காத்திருந்தும் பிள்ளை கண்டுகொள்ளவில்லை. அப்புறம் என்ன சொல்ல வேண்டும்?

சிறிய தூண்டலில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் பெரியதுக்குப் போங்கள்.

1. ‘அந்த வரியை இன்னொரு தடவை படிச்சுக் காட்டு கண்ணு.’ இவ்வளவுதான். பாதிப் பிள்ளைகள் இதிலேயே திருத்திக்கொள்வார்கள்.
2. ‘இந்த வரியில ஏதோ ஒரு இடம் இடிக்குது. எங்கன்னு பாரு.’ வரியை மட்டும் காட்டுகிறோம், சொல்லை அல்ல.
3. ‘நீ கறிக்குன்னு படிச்ச. ஆமை கறிக்கு வருமா?’ பொருள் கெட்டிருந்தால் இப்படி. பொருள் கெடாமல் எழுத்து மட்டும் மாறியிருந்தால், ‘இந்தச் சொல்லில ரெண்டாவது எழுத்து என்ன?’
4. சொல்லைச் சொல்லிவிடுங்கள். பிள்ளை அதைத் திரும்பச் சொன்னால் போதாது; வாக்கியத்தை முதலிலிருந்து படிக்கட்டும்.

நான்கு படியும் சேர்ந்து அரை நிமிடத்தைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் இழுத்தால் கதையின் இழை அறுந்துவிடும். பொருளைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறோம். கதையே மறந்துபோனால் எதைக் கொண்டு கண்டுபிடிப்பது? ஒரு பக்கத்தில் இரண்டு பிழைகளுக்குமேல் நிறுத்த வேண்டாம். எந்த இரண்டு என்பதைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆசிரியரின் கைப்பக்குவம் இருக்கிறது: பொருளைக் கெடுத்தவற்றுக்கு முதலிடம்.

சரியாகப் படித்தபோதும் ‘சரியா?’ என்று கேட்க வேண்டுமா?

கட்டாயம். தவறின்போது மட்டும் கேட்டால், ‘சரியா?’ என்ற கேள்விக்கே ‘தப்பு’ என்று பொருள் வந்துவிடும். பிள்ளை யோசிக்காமல் வேறு ஏதாவது சொல்லிப் பார்க்கும். சரியாகப் படித்த வாக்கியத்துக்குப் பிறகும் மூன்றுக்கு ஒருமுறையாவது ‘சரியாப் படிச்சியா? எப்படித் தெரியும்?’ என்று கேளுங்கள். ‘குளத்துக்குள்தான் ஆமை போகும் டீச்சர்’ என்றோ, ‘கு இருக்கு, ள இருக்கு’ என்றோ காரணம் வரும். ‘சரிதான்’ என்று உறுதியாக நிற்கப் பழகுவதும் கண்காணிப்பின் பாதி.

பாராட்டும் இதைப் போலத்தான். ‘வெரி குட்’ எதையும் கற்றுத் தருவதில்லை. ‘கறிக்குன்னு படிச்சிட்டு நீயே நின்னு பின்னால போனியே, ஏன் நின்ன?’ என்று கேளுங்கள். என்ன செய்தோம் என்பது பிள்ளைக்கே அப்போதுதான் தெரியவரும்.

சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் பொருள், வாக்கிய அமைப்பு, எழுத்து ஆகிய மூன்று குறிப்புகளையும் கொண்டு சொல்லை ஊகிக்கச் சொல்லும் முறை நெடுங்காலம் இருந்தது. படத்தையும் முதல் எழுத்தையும் பார்த்து ஊகிக்கும் பழக்கம் எழுத்தறிவில் தடுமாறும் பிள்ளைகளை மேலும் பின்தள்ளுகிறது என்ற விமர்சனம் வலுத்தது. இங்கிலாந்தில் தொடக்க வாசிப்பைக் கற்பிப்பது பற்றி 2006ல் வந்த ரோஸ் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, எழுத்துகளின் ஒலியைக் கூட்டிப் படிக்கும் எழுத்தொலி வழி வாசிப்பு முன்னுக்கு வந்தது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்கே அவ்வளவாக இடமில்லை. எழுத்தைக் கூட்டினால் சொல் வந்துவிடும் மொழி இது. க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கேற்ப ஒலி மாறும் என்ற ஒரு சிக்கலைத் தவிர எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு நேரானது. ஆகவே வரிசை இதுதான்: முதலில் எழுத்தைக் கூட்டிப் படி, பிறகு பொருள் வருகிறதா என்று பார், வரவில்லையென்றால் மறுபடி எழுத்துக்குப் போ. பொருளை வைத்துத் தவறைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் சரியான சொல்லை எழுத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். படம் சரிபார்க்க மட்டும்.

தமிழ் வாசிப்பில் எந்தப் பிழைகள் அடிக்கடி வருகின்றன? எவற்றைப் பிள்ளையே பிடிக்க முடியும்?

குறில் நெடில் பிழைதான் பிள்ளைகள் எளிதில் பிடிக்கக்கூடியது; பொருள் உடனே கெடுவதால். பல் – பால், படம் – பாடம், எடு – ஏடு, கொடு – கோடு. ‘பாட்டி பல் குடித்தாள்’ என்று படித்தால் வகுப்பே சிரிக்கும். கண்காணிப்பைத் தொடங்க இந்தச் சோடிகளைவிட நல்ல பொருள் கிடையாது.

ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை எழுத்துக்கு முன்னால் நிற்கின்றன. ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொடி’யில் கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் நிற்கின்றன. வேகமாகப் படிக்கும் பிள்ளை காலை விட்டுவிட்டு ‘கெடி’ என்று படிக்கும். அப்படி ஒரு சொல் அதற்குத் தெரியாததால் நிற்க வாய்ப்பிருக்கிறது. ஔகாரக் குறியின் பின்பகுதி ‘ள’ போலவே இருப்பதால் ‘கௌரி’யை ‘கெளரி’ என்று படிப்பார்கள். இதைத் தானாகப் பிடிக்கச் சொல்வது நியாயமில்லை. ஔகாரச் சொற்கள் குறைவு, நேராகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

உருபு, விகுதிப் பிழைகள் எளிதில் கண்ணில் படாதவை. ‘பள்ளிக்கு’ என்பது ‘பள்ளியில்’ ஆகும், ‘இழுத்துக்கொண்டது’ என்பது ‘இழுத்தது’ ஆகும். சொல்லின் தலையைப் பார்த்துவிட்டு வாலைத் தாங்களே போட்டுக்கொள்வதால் வருவது. பொருள் பெரிதாகக் கெடாததால் காது உறுத்தாது. இரண்டாம் வகுப்பின் பின்பாதியிலிருந்து, ‘சொல்லோட வாலைப் பார்த்தியா?’ என்ற ஒரே கேள்வியைப் பழக்கமாக்குங்கள்.

மிகக் கடினமானது, பொருளும் இலக்கணமும் பொருந்தி எழுத்து மட்டும் மாறுவது. நம் பகுதியில் ‘கீரையைத் தரையில் வைத்தாள்’ என்பதைப் பல பிள்ளைகள் ‘கீரையைத் தலையில் வைத்தாள்’ என்று படிக்கக்கூடும். கீரைக்கட்டைத் தலையில் சுமப்பவர்களைப் பார்த்த பிள்ளைக்கு இதில் என்ன தவறு? பின்னால் ஆமை அந்தக் கீரையைத் தின்னும்போதுதான் இடிக்கும். அங்கே நிறுத்தி, ‘ஆமைக்குக் கீரை எப்படிக் கிடைச்சுது?’ என்று கேளுங்கள்.

ர – ற, ல – ள – ழ, ன – ண பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். ‘கழித்து’ என்பதை ‘களித்து’ என்று ஒலிப்பது வட்டார வழக்கு. வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள். ர, ற இரண்டையும் ஒரே மாதிரி ஒலிக்கும் ஊர்களே அதிகம். வாசிப்புப் பிழையாக எண்ணாதீர்கள். உச்சரிப்புப் பயிற்சிக்கு வேறு நேரம் ஒதுக்கலாம்.

‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கு’ என்று படிக்கிறான். தவறா?

முதல் இரண்டு வகுப்பில் தவறாக எண்ண வேண்டாம், பக்கத்தில் குறித்து மட்டும் வையுங்கள். ‘போனார்கள்’ ‘போனாங்க’ ஆவதும் அப்படியே. எழுத்திலிருந்து பொருளை எடுத்துத் தன் பேச்சில் சொல்கிறான் என்பதால், ஒரு வகையில் நல்ல செய்தி. மூன்றாம் வகுப்பிலிருந்து ‘பொருள் சரி. எழுதியிருக்கிறபடியே ஒரு தடவை படி’ என்று கேட்கலாம்.

வகுப்பில் முதல் நாள் எப்படித் தொடங்குவது?

ஆசிரியர் தவறு செய்ய, பிள்ளைகள் பிடிப்பதிலிருந்து. அடுத்தவர் தவறைக் கேட்பது தன் தவறைக் கேட்பதைவிட எளிது; பிள்ளைகளுக்கு அதில் கொள்ளை ஆசையும்கூட. நாளுக்குப் பத்து நிமிடம், நான்கு வாரம் ஒதுக்குங்கள்.

முதல் வாரம். ஐந்து வாக்கியங்களைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். கோலால் தொட்டுப் படித்துக்கொண்டே வந்து இரண்டில் மட்டும் தவறு செய்யுங்கள். ஒரே நிபந்தனை: வாக்கியம் முடிந்த பிறகுதான் கையைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு வாயாடிகள் கத்த, மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு நாள் பொருளே இல்லாத பிழை: ‘பாட்டி பல் குடித்தாள்’. அடுத்து இலக்கணம் இடிக்கும் பிழை: ‘கமலா சிரித்தான்’. கடைசியில் காதுக்குச் சரியாக இருந்து எழுத்தில் மட்டும் மாறுவது: பலகையில் ‘பெரிய ஆமை’, வாயில் ‘சின்ன ஆமை’. இதைப் பிடிக்கக் காது போதாது, கண் பலகையில் இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கே தெரியவரும்.

இரண்டாம் வாரம். தவறு செய்துவிட்டு, ஆசிரியரே வாய்விட்டு யோசித்துத் திருத்துவது. ‘ஆமை மெல்ல மெல்லக் கறிக்கு வந்தது… கறிக்கா? ஆமை எதுக்குக் கறிக்கு வரணும்? திரும்பப் பார்க்கிறேன். க… ரை… கரைக்கு. ஆமை மெல்ல மெல்லக் கரைக்கு வந்தது. ஆங், இப்ப சரி.’ வாக்கியத்தை முழுதாகத் திரும்பப் படித்து முடிப்பதை விட்டுவிடாதீர்கள். திருத்திய சொல் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் ஒரு படி.

மூன்றாம் வாரம். இருவர் இருவராக. ஒருவர் நாலு வரி படிக்க, மற்றவர் விரலால் பின்தொடர வேண்டும். கேட்பவர் திருத்தக்கூடாது, வாக்கியம் முடிந்ததும் ‘திரும்பப் படி’ என்று மட்டும் சொல்லலாம். நன்றாகப் படிக்கும் பிள்ளையை மிகவும் தடுமாறும் பிள்ளையோடு சேர்த்தால் ‘உனக்குத் தெரியல, நான் படிக்கிறேன்’ என்று பிடுங்கிக்கொள்ளும். ஒரு படி வித்தியாசம் உள்ளவர்களாகச் சேருங்கள்.

நான்காம் வாரம். பிள்ளையின் வாசிப்பைக் கைபேசியில் ஒரு நிமிடம் பதிவுசெய்து, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். படிக்கும்போது காதில் விழாத தவறு, கேட்கும்போது விழும். பிறகு பதிவை அழித்துவிடுங்கள். மற்ற பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது கூடாது.

முன்னேற்றத்தை எப்படிக் குறித்துவைப்பது?

நியூசிலாந்துக் கல்வியாளர் மேரி கிளே வகுத்த தொடர் வாசிப்புப் பதிவு முறையைத் தமிழுக்குத் தக்கபடி சுருக்கிக்கொள்ளலாம். வாசிப்புப் பகுதியின் நகலொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சரியான சொல்லுக்கு ஒரு டிக். தவறான சொல்லுக்கு மேலே பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள். பிள்ளையே திருத்தினால் பக்கத்தில் ‘தி’. விட்டுவிட்டால் ஒரு கோடு. நீங்கள் சொல்லிக்கொடுத்தால் ‘சொ’. திரும்பப் படித்தால் பின்னோக்கிய அம்பு; அது தவறு அல்ல. பதிவு எடுக்கும்போது தூண்டல் எதுவும் கொடுக்காதீர்கள்.

மேலே உள்ள 40 சொற்களை ஒரு பிள்ளை இப்படிப் படித்ததாக வைத்துக்கொள்வோம்: ‘கறிக்கு’ என்று படித்துத் தானே ‘கரைக்கு’ என்று திருத்தியது, ‘இழுத்துக்கொண்டது’ என்பது ‘இழுத்தது’ ஆனது, ‘தரையில்’ ‘தலையில்’ ஆனது, ‘நிட்டியது’ என்று தொடங்கி ‘நீட்டியது’ என்று திருத்தியது, ‘கடித்து’ என்பது ‘குடித்து’ ஆனது. திருத்தாத தவறு 3. சரியாக முடிந்தவை 37. நூற்றுக்கு 92.5. மொத்தம் தவறிய இடங்கள் 5, அதில் தானே திருத்தியவை 2. அதாவது இரண்டரைத் தவறுக்கு ஒரு திருத்தம். நல்ல நிலை. நான்கு தவறுக்கு ஒன்றைக்கூடத் திருத்தாத பிள்ளைக்குத் தனிக் கவனம் வேண்டும்.

எண்ணைவிட எந்தத் தவறு திருந்தியது என்பதில்தான் விவரம் அதிகம். இந்தப் பிள்ளை பொருள் கெட்டதையும் சொல்லே இல்லாததையும் பிடித்துவிட்டது. ‘குடித்துத் தின்றது’ கொஞ்சம் இடித்திருக்க வேண்டும், விட்டுவிட்டது. வாலையும் உள்ளெழுத்தையும் கவனிப்பது அடுத்த பாடம்.

95க்கு மேல் எளிது, 90 முதல் 94 வரை கற்பிக்க ஏற்றது, 90க்குக் கீழே கடினம் என்ற வழக்கமான கணக்கு ஆங்கில வாசிப்பை ஒட்டி எழுந்தது. நம் ‘வந்துகொண்டிருந்தார்கள்’ ஒரே சொல். அதில் ஒரு விகுதி பிசகினாலும் ஒரு முழுச் சொல் தவறாகிவிடும். ஆகவே 88 வந்ததென்று புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். 40 சொல்லில் ஒரு தவறு கூடினாலே இரண்டரை விழுக்காடு இறங்கும். மூன்று முறை பதிவெடுத்துச் சேர்த்துப் பாருங்கள்.

பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கிறாளா, படிக்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நடுவில் ஒரு வரியைக் காட்டி அங்கிருந்து படிக்கச் சொல்லுங்கள். ஒப்பிக்கும் பிள்ளை முதல் வரிக்கு ஓடிப்போய், உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வரும். அல்லது பாடத்தின் வாக்கியத்தையே ஒரு சொல் மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ‘குளத்தில் ஒரு சிறிய ஆமை இருந்தது.’ ‘பெரிய ஆமை’ என்று வந்தால் கண் எழுத்தில் இல்லை. வகுப்பே சேர்ந்து ராகம் போட்டு நீட்டிப் படிக்கும் பழக்கம் இதை வளர்க்கிறது. கூட்டுக் குரலில் எந்தப் பிள்ளைக்கும் தன் தவறு காதில் விழாது. புதிய பகுதியை முதல் தடவை கேட்பிக்க அது உதவும். கண்காணிப்பைப் பழக்க உதவாது.

நீளமான சொல்லில் திணறினால்?

வாலை மூடிக்காட்டுங்கள். ‘விளையாடிக்கொண்டிருந்தார்கள்’ என்ற சொல்லில் ஒரு தாள் துண்டால் ‘விளையாடி’ மட்டும் தெரியும்படி மறைத்துப் படிக்கவிடுங்கள். பிறகு துண்டை நகர்த்தி ‘கொண்டிருந்தார்கள்’. கடைசியில் முழுதாக ஒரே மூச்சில். எழுத்தெழுத்தாகப் பதினான்கையும் கூட்டச் சொன்னால் கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகும். சில நாளில் பிள்ளையே விரலால் மறைத்துக்கொள்ளும். அதுதான் வேண்டியது.

ஒரே வகுப்பில் முப்பது பிள்ளைகள். ஒவ்வொருவரிடமும் எப்படி உட்காருவது?

நாளுக்கு மூன்று பிள்ளைகள், ஆளுக்கு மூன்று நிமிடம். பத்துப் பள்ளி நாளில் ஒரு சுற்று முடியும். அந்த நேரத்தில் மற்றவர்கள் சோடி வாசிப்பில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுவது இதற்கு வசதி. எழுத்தையே இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் அரும்பு நிலைப் பிள்ளைக்குப் பத்தியைக் கொடுக்காதீர்கள். சொல்லட்டையைப் படித்து, பின்பக்கப் படத்தைத் திருப்பிப் பார்த்துத் தானே சரிபார்ப்பது அந்த நிலைக்குப் போதும். மொட்டு நிலையில் தனி வாக்கியங்கள், மலரில் பத்தி.

எவ்வளவு காத்திருந்தாலும் தன்னைத் திருத்தவே திருத்தாத பிள்ளையை என்ன செய்வது?

முதலில் புத்தகத்தைச் சந்தேகியுங்கள். பத்துச் சொல்லில் இரண்டு மூன்று தவறினால் பொருளே உருவாகாது. எது இடிக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு படி எளிதான பகுதியைக் கொடுத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே திருத்தம் தொடங்கிவிடும்.

அடுத்தது சொல்வளம். வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைக்கு ‘கழனி’ என்ற சொல் காதில் விழுந்தே இருக்காது. சரியாகப் படித்தாலும் தவறாகப் படித்தாலும் அதற்கு ஒன்றுதான். படிக்கும் முன் இரண்டு மூன்று சொற்களைப் பேசிப் பழக்கிவிடுங்கள். மூன்றாவது பயம். அடிவாங்கிய அனுபவமோ கேலிக்கு ஆளான அனுபவமோ உள்ள பிள்ளை, நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று வேகமாக ஓடும். வேகத்தைப் போட்டியாக்கும் வகுப்பிலும் இதேதான் நடக்கும்.

நேரெதிரான பிள்ளையும் உண்டு. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு மூன்று தடவை சொல்லி, சரியானதையும் மாற்றி மாற்றிப் பார்க்கும். அதனிடம் ‘சரியா?’ என்ற கேள்வியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவையுங்கள். ‘புள்ளி வர்ற வரைக்கும் நிக்காமப் போ, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று சொல்லுங்கள்.

மனதுக்குள் படிக்கும்போது கவனிக்கிறார்களா என்று எப்படித் தெரியும்?

தெரியாது என்பதுதான் சிக்கல், ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘புரிஞ்சுது’ என்பார்கள். அமெரிக்க உளவியலாளர் எலன் மார்க்மன் 1970களின் பிற்பகுதியில் பிள்ளைகளிடம் முரணுள்ள பத்திகளைக் கொடுத்துப் பார்த்தார். ஒரு பத்தியில், கடலின் அடியில் வெளிச்சமே கிடையாது என்று இருக்கும். அதே பத்தியில், அங்குள்ள மீன்கள் நிறத்தைப் பார்த்து இரையை அறியும் என்றும் இருக்கும். பெரிய வகுப்புப் பிள்ளைகளிலும் பலர் முரணைக் கவனிக்கவில்லை. ஏதோ ஒன்று பொருந்தவில்லை, கண்டுபிடியுங்கள் என்று முன்கூட்டியே சொன்னபோது அதிகம் பேர் கண்டுபிடித்தார்கள்.

நான்கு, ஐந்தாம் வகுப்பில் இதையே பயிற்சியாக்கலாம். ஆறேழு வாக்கியப் பத்தியில் ஒரு முரணை ஒளித்துவைத்து, ‘ஒரு வரி பொய் சொல்லுது’ என்று கொடுங்கள். சாதாரணப் பாடத்தில், ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஓரத்தில் பென்சிலால் புரிந்தால் டிக், புரியாவிட்டால் கேள்விக்குறி. கேள்விக்குறி போட்ட இடத்தில் செய்ய வேண்டியவை: அந்த வாக்கியத்தைத் திரும்பப் படி, அடுத்த வாக்கியத்தைப் படித்துப் பார், தெரியாத சொல்லைப் பிரித்துப் பார், பிறகு கேள். ஒரு கேள்விக்குறிகூட இல்லாத தாளைப் பாராட்டாதீர்கள். அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் நான் என்ன செய்ய முடியும்?

காது இருந்தால் போதும். பிள்ளை படிக்க, நீங்கள் வேலையைச் செய்துகொண்டே கேளுங்கள். ஒரு வரி விளங்காவிட்டால் ‘ஆமை எங்க வந்துச்சு? இன்னொரு தடவை சொல்லு’ என்று கேளுங்கள். எழுத்து தெரிந்த பெற்றோர் உடனே திருத்திவிடுவார்கள். உங்களுக்கு அந்தச் சபலமே இல்லை. பிள்ளைதான் புத்தகத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தாக வேண்டும். பத்து நிமிடம் போதும், தூக்கம் சொக்கும் நேரம் வேண்டாம்.

விரல் வைத்தோ அட்டை வைத்தோ படிக்கலாமா?

விரல் தாராளமாக. தன்னைத் திருத்தப் பின்னால் போகும் பிள்ளைக்கு இடம் தவறாமல் இருக்க அது உதவும். அட்டை வைப்பதென்றால் படிக்கும் வரிக்குக் கீழே வையுங்கள். மேலே வைத்தால் படித்து முடித்த வரி மறைந்துபோய்த் திரும்பிப் பார்க்க முடியாது.

எப்போது வேறு உதவி தேட வேண்டும்?

எளிதான பகுதி, தினசரிப் பயிற்சி, காத்திருத்தல் எல்லாம் மூன்று மாதம் கொடுத்தும், இரண்டாம் வகுப்பு முடிவில் பழகிய எழுத்துகளையே மாற்றி மாற்றிப் படித்தால் முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். கரும்பலகைக்கு அருகே போய் நிற்பது, புத்தகத்தை மூக்கருகே பிடிப்பது, பக்கத்தில் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்பது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்கவே வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தால் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு. போகும்போது எடுத்துவைத்த வாசிப்புப் பதிவுகளையும் கொண்டுபோங்கள். ‘சரியாப் படிக்க மாட்டேங்கிறான்’ என்று சொல்வதைவிட, எந்தச் சொல்லை எப்படிப் படித்தான், எதைத் தானே திருத்தினான் என்று தேதியோடு எழுதிய மூன்று தாள் மதிப்பிடுபவருக்கு அதிகம் உதவும்.